பறித்த பின்னும் மூச்சு

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவந்த அம்மா கூடையை இறக்கும்போதே சொல்லிவிடுவார்: "சாயங்காலத்துக்குள்ள ஆஞ்சிடுங்கம்மா, ராத்திரி தாங்காது." கூடையில் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரைக் கட்டுகள், மேலே ஈரச் சாக்கு. வழியில் தெருக்குழாயைக் கண்டால் நின்று, ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளித்துவிட்டுத்தான் நகர்வார். எங்கள் சமையலறை மூலையிலோ, பத்து நாளைக்கு முன் வாங்கிய சின்ன வெங்காயம் யாருடைய கவனிப்பும் இல்லாமல் கிடக்கும். அதற்கு ஈரமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்.

இரண்டும் மண்ணில் விளைந்தவை, இரண்டும் பிடுங்கி எடுத்தவை. ஒன்று ஒரு பகலில் முடிந்துபோகிறது, மற்றது மாதக்கணக்கில் இருக்கிறது. இந்த வித்தியாசம்தான் ஓர் ஊரில் இல்லாதவர் தட்டில் என்ன விழும் என்பதையும் தீர்மானிக்கிறது. இது எனக்கு உறைத்தது வெகு காலம் கழித்து, அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துத் தோட்டங்களைப் பற்றிப் படித்தபோது.

அந்தத் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில் சியாட்டில், போயிங் விமான நிறுவனத்தை நம்பி வாழ்ந்த ஊர். 1960களின் பிற்பகுதியில் அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு அது வேலை கொடுத்தது. 1971 வசந்த காலத்தில் அந்த எண்ணிக்கை 40,000க்கும் கீழே வந்துவிட்டது. ஊரைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று விமான நிலையம் அருகே ஒரு விளம்பரப் பலகையே எழுந்தது. நேற்றுவரை மாதச் சம்பளம் வாங்கியவர்கள் உணவுக்கு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்காக 'நெய்பர்ஸ் இன் நீட்' என்ற பெயரில் உணவு வழங்கும் முயற்சி ஒன்று தொடங்கியது. கஷ்டத்தில் இருக்கும் அண்டை வீட்டார் என்பது அந்தப் பெயரின் பொருள்.

நகரின் வடகிழக்கே வெட்ஜ்வுட் பகுதியில், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய பிக்கார்டோ குடும்பத்தார் பல பத்தாண்டுகள் காய்கறி பயிரிட்ட நிலம் இருந்தது. டார்லின் ரண்ட்பெர்க் என்ற பல்கலைக்கழக மாணவி அவர்களிடம் போய், நிலத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கினார். பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டார். நடுவில் உள்ள பெரிய பாத்திகளில் விளைவது முழுக்க நெய்பர்ஸ் இன் நீட்டுக்கு; அந்த வேலையில் கைகொடுக்கும் குடும்பங்களுக்கு ஓரங்களில் சின்னச் சின்னப் பாத்திகள். 1973இல் நகராட்சி அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது, பிறகு விலைக்கே வாங்கியது. அப்படிப் பிறந்ததுதான் 'பி-பேட்ச்' என்ற சமூகத் தோட்டத் திட்டம். முன்னால் நிற்கும் 'பி' என்ற எழுத்து பிக்கார்டோவைக் குறிக்கிறது. இன்று அந்த நகரில் இப்படித் தொண்ணூறு தோட்டங்கள் அளவில் இருக்கின்றன. பலவற்றில் கொடுப்பதற்கென்றே ஒதுக்கிய பாத்திகள் உண்டு. நான் அவற்றைக் கொடைப்பாத்தி என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. தனக்கென்று விளைவித்து, மிஞ்சியதைக் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். இங்கே முதலில் வந்தது கொடைப்பாத்தி. சொந்தப் பாத்தி அதன் ஓரத்தில் பிறகு முளைத்தது.

உணவு வங்கி என்ற ஏற்பாடும் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் தோன்றியிருந்தது. 1967இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கிதான் முதலாவது. ஏழைகளுக்குச் சோறு போடும் ஒரு கூடத்தில் அவர் தொண்டு செய்துகொண்டிருந்தார். அந்த ஊரில் ஆரஞ்சு, சாத்துக்குடி வகை மரங்கள் ஏராளம். பறிக்க ஆளில்லாமல் பழங்கள் கீழே விழுந்து வீணாகும். அவற்றைப் பறித்துவந்து கூடத்துக்குக் கொடுத்தார். கூடத்தின் தேவைக்கும் மேலாகப் பழம் சேர்ந்தது. பணத்தைப் போட்டுவைக்க வங்கி இருப்பதுபோல உணவுக்கும் ஏன் இருக்கக்கூடாது என்ற யோசனை அந்தச் சமயத்தில் வந்தது. அவர் கையில் வந்து சேர்ந்தது ஆரஞ்சுப் பழமாக இருந்ததை நான் ஒரு நல்வாய்ப்பாகவே நினைக்கிறேன். தடித்த தோல், மெழுகுப் பூச்சு, நிதானமான மூச்சு. ஆரஞ்சை வங்கியில் போடலாம். கீரையைப் போட முடியாது.

ஆமாம், மூச்சு என்றுதான் சொன்னேன். சந்தையில் கிடக்கும் ஒரு கட்டுக் கீரை உயிருள்ளது. அதன் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனை உள்ளே எடுத்து, சேர்த்துவைத்த சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. செடியில் இருந்தபோதும் இதையேதான் செய்தது. ஆனால் அப்போது வேர் தண்ணீர் அனுப்பியது, வெயில்பட்ட இலை சர்க்கரை தயாரித்தது. காம்பில் கத்தி பட்ட நொடியில் வரவு நின்றுவிடுகிறது. செலவு நிற்பதில்லை. பறித்த காயின் மிச்ச வாழ்நாள் முழுவதும், கையிருப்பைக் கொண்டு ஓட்டும் குடித்தனம்.

இந்தச் செலவை அளந்து பார்க்கலாம். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கிலோ பசலைக்கீரை ஒரு மணி நேரத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் கரியமில வாயுவை வெளிவிடும். அதே வெப்பத்தில் ஒரு கிலோ வெங்காயம் விடுவது 10 மில்லிகிராம் அளவுதான். கீரையை 0 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதன் மூச்சும் 20 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். வெப்பம் பத்து டிகிரி கூடும்போதெல்லாம் மூச்சின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகிறது. சித்திரை வெயிலில் கீரை ஏன் மதியத்தைத் தாண்டுவதில்லை என்பதற்கு வேறு கணக்கு தேவையில்லை.

எரிப்பு என்றால் சூடு இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறது. ஒரு டன் பசலைக்கீரையை 20 டிகிரியில் குவித்துவைத்தால் அது 600 வாட்டுக்கும் மேலான வெப்பத்தை ஓயாமல் வெளியிடும். அயர்ன் பாக்ஸ் ஒன்றைச் சொருகி வைத்ததுபோல. சந்தைக்கு வந்திறங்கும் கீரை மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதகதப்பு தெரியும். அது வெயிலின் சூடு மட்டும் அல்ல. இலைகள் தங்கள் சர்க்கரையை எரித்துக்கொண்டிருக்கும் சூடு. மூட்டை சூடாகச் சூடாக மூச்சு வேகமாகும். மூச்சு வேகமாக மூட்டை இன்னும் சூடாகும்.

வெங்காயம் மட்டும் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது? பறிப்பதற்கு முன் அந்த உறுப்பு செடிக்காக என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். வெங்காயம், உருளைக்கிழங்கு, சேனை எல்லாம் செடி தன் கெட்ட காலத்துக்காகக் கட்டிவைத்த களஞ்சியங்கள். மாதக்கணக்கில் அசையாமல் தூங்கிக் காத்திருப்பதே அவற்றின் தொழில். பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் விவசாயிகள் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காற்றோட்டமாக வைப்பது அந்தத் தூக்கத்தைக் கலைக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. இலையின் தொழில் வேறு. பகலெல்லாம் நீரை வாங்கி ஆவியாக விட்டுக்கொண்டே சர்க்கரை தயாரிக்கும் தொழிற்கூடம் அது. சேமிப்பு அதன் குணத்திலேயே இல்லை. பிராக்கோலி என்று நாம் சாப்பிடுவது விரியப்போகும் மொட்டுக் கூட்டம். வெண்டைக்காய், பீன்ஸ், சுக்கினி எல்லாம் பாதி வளர்ச்சியில் நாம் அறுத்தெடுத்த பிஞ்சுகள். வளர்ந்துகொண்டிருந்த எதுவும் வேகமாக மூச்சு விடும். பச்சைப் பட்டாணியும் இனிப்புச் சோளமும் இந்த வகைதான். பழைய ரக இனிப்புச் சோளம் 30 டிகிரி வெப்பத்தில் ஒரே நாளில் தன் சர்க்கரையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். கதிரை ஒடித்த உடனே தின்றால் தித்திக்கிறது, மறுநாள் மாவாக இருக்கிறது என்று சொல்வது வெறும் நாக்குப் பழக்கம் இல்லை.

இப்போது உணவு வங்கியின் பக்கம் வருவோம். அது வாங்கி, அடுக்கி, பிரித்து, கொடுக்கும் இடம். பண்டம் அங்கே சில நாளாவது காத்திருந்தாக வேண்டும். காத்திருக்கத் தெரிந்தவை டப்பாவில் அடைத்த பீன்ஸ், பாஸ்தா, மாவு, எண்ணெய். கொடுப்பவர்கள் கருமித்தனத்தால் டப்பாக்களைக் கொடுக்கவில்லை. உயிரில்லாத பண்டம்தான் அலமாரியில் நிற்கும். ஆக, மிக நல்ல உணவு தேவைப்படுகிற நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைக்கும் ஏற்கெனவே மூச்சடங்கிய உணவே போய்ச் சேர்கிறது. பசலைக்கீரையின் வைட்டமின் சி அறை வெப்பத்தில் சில நாட்களிலேயே பெரும்பகுதி போய்விடும். தூரத்துப் பண்ணையிலிருந்து லாரி ஏறி, கிடங்கில் தங்கி, கடையில் விலைபோகாமல் கழித்துவிடப்பட்ட கீரை, உணவு வங்கியை எட்டும்போது பச்சை நிறம் மட்டும் மிச்சமாக இருக்கலாம்.

பக்கத்துத் தெருக் கொடைப்பாத்தி செய்வது இந்தத் தூரத்தை வெட்டுவது. காலை ஆறு மணிக்கு அறுத்த கீரை பத்து மணிக்கு ஒருவர் பையில் இருக்கிறது. எந்தப் பெரிய நிறுவனத்தின் குளிர்சாதன லாரியாலும் கொடுக்க முடியாத ஒன்றை, கைவண்டியும் நாலு பேரும் கொடுத்துவிடுகிறார்கள். சமூகத் தோட்டங்கள் ஒரு நகரத்தின் பசியை ஆற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கலோரிக் கணக்கில் அவை மிகச் சிறியவை. அரிசியும் கோதுமையும் பருப்பும் பெரிய வயல்களிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் அதிவேகமாக மூச்சு விடும் இலைகளும் பிஞ்சுகளும் நெடும்பயணத்துக்கு ஆகாதவை. அந்த இடத்தில் சின்னத் தோட்டத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

அதனால் இத்தகைய தோட்டத்தின் வேலைத்திட்டம் அறுவடை நாளிலிருந்து பின்னோக்கிப் போடப்படுகிறது. உணவு வங்கி எந்தக் கிழமை திறக்கும்? அன்று காலைதான் அறுக்க வேண்டும். முதல் நாள் அறுத்தால் ஓர் இரவு வீண். அந்தக் கிழமைதோறும் கொஞ்சம் கீரை வேண்டுமென்றால் எல்லா விதையையும் ஒரே நாளில் தூவக்கூடாது; இரண்டு வாரத்துக்கு ஒரு வரிசையாக விதைத்துக்கொண்டே போக வேண்டும். சியாட்டிலில் மழை குளிர்காலத்தில் பெய்யும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் வறண்டவை. வெள்ளரியும் சுக்கினியும் பொங்கி வரும் அந்த மாதங்களில்தான் தன்னார்வலர்கள் பிள்ளைகளுடன் விடுமுறைக்குக் கிளம்புகிறார்கள். சுக்கினியை இரண்டு மூன்று நாள் பார்க்காமல் விட்டால் பிஞ்சு உலக்கை போல் முற்றிவிடும். காய் முற்றியதும் செடி புதுப்பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். விதை பழுத்துவிட்டது, வந்த வேலை முடிந்தது என்று செடிக்குக் கணக்கு. ஒரு வாரம் ஆள் வராவிட்டால் அந்த வாரத்தின் காய் மட்டும் போவதில்லை, அடுத்த வாரத்தின் காயும் போகிறது. இந்தத் தோட்டங்களில் முறைப்பட்டியல் எழுதும் ஆள்தான் என் பார்வையில் முதன்மையான தோட்டக்காரர்.

விடியற்காலையில் அறுப்பதற்குக் காரணம் இரண்டு. இரவு முழுக்க இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கும். செல்கள் நீரால் விம்மி நிற்கும். கீரையின் மொறுமொறுப்பு என்பது அந்த நீரழுத்தம். பறித்த காய்கறி தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு நீரை இழந்தாலே பெரும்பாலும் வாடித் தெரியும். இரண்டாவது, விடியலில் இலை குளிர்ந்திருக்கிறது. மதியம் அறுத்தால் வயலின் சூட்டையும் சேர்த்து மூட்டை கட்டுகிறோம்.

இதற்கு நேர்மாறான ஒரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. இங்கிலாந்தில் சாலட் இலைகளை வைத்து ஆராய்ந்தவர்கள் 2005இல் வெளியிட்ட முடிவு: மாலையில் அறுத்த இளம் இலைகள் காலையில் அறுத்தவற்றைவிட அதிக நாள் தாங்கின. பகலெல்லாம் வெயில் குடித்த இலையில் சர்க்கரை இருப்பு கூடுதல். கையிருப்பு கூடினால் குடித்தனம் சில நாள் கூட ஓடும். உடனே குளிர்விக்க வசதி உள்ள பண்ணைக்கு அது உதவும். ஈரச் சாக்கை நம்பும் தோட்டத்துக்கு விடியல்தான் சரி.

அறுத்த கையோடு கீரையைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். அழுக்குப் போவது உபரி லாபம். உண்மையான காரணம், நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பது. நிழலில் பரப்பி ஆறவைத்தால் நெடுநேரம் பிடிப்பது தொட்டியில் சில நிமிடங்களில் நடந்துவிடும். எல்லாவற்றையும் இப்படி முக்கக்கூடாது. பீன்ஸும் தக்காளியும் பெர்ரிப் பழங்களும் ஈரத்தோடு பெட்டிக்குள் போனால் பூசணம் பிடிக்கும்.

ஃபிரிட்ஜ் இல்லாத தோட்டம் என்ன செய்யும்? தெருக்குழாயில் நின்ற கீரைக்கார அம்மா செய்ததைச் செய்யும். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தைச் சுற்றத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். ஈரச் சாக்கு இரட்டை வேலை செய்கிறது: கீரையைச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது, அந்தக் காற்றில் ஈரத்தை நிரப்பி, இலை தன் சொந்த நீரை இழக்காமல் காக்கிறது. இதே தத்துவத்தைக் கொண்டு 1980களின் தொடக்கத்தில் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மின்சாரமே வேண்டாத குளிர் அறை ஒன்றை வடிவமைத்தார்கள். செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவே ஆற்று மணல், மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர். மேலே ஓலையோ சாக்கோ மூடி. கோடையில் உள்ளே வெளியைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குறைந்திருக்கும், ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வறண்ட காற்றுள்ள ஊரில் இது அருமையாக வேலை செய்யும். புழுங்கும் கடற்கரை ஊரில், காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருப்பதால், அவ்வளவு குளிராது. சென்னைவாசிகளுக்கு வேர்வை உலராத கதைதான்.

பெட்டி அடுக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தக்காளியையும் ஆப்பிளையும் கீரையோடு வைக்கக்கூடாது. காரணம் எத்திலீன் என்ற வாயு. 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யூபோவ் என்ற இளம் ஆய்வாளர், ஆய்வுக்கூடத்தில் முளைத்த பட்டாணிச் செடிகள் நிமிராமல் கோணலாகப் படர்வதைக் கவனித்தார். விளக்குக்கு எரிக்கும் வாயு கசிந்ததும் அதிலிருந்த எத்திலீனும்தான் காரணம் என்று கண்டார். பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனைத் தயாரித்து வெளிவிடுகிறது என்பது 1934இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்டது. ஒரு பழத்தின் எத்திலீன் அடுத்ததைப் பழுக்கச் சொல்லும். கீரையை மஞ்சளாகி உதிரச் சொல்லும். நம் வீடுகளில் வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைத்தவர்கள் புகையோடு சேர்த்து இந்த வாயுவைத்தான் உள்ளே விட்டார்கள். முருங்கைக்கீரையை இரவு துணியில் சுற்றிவைத்தால் காலையில் இலைகள் தாமாக உதிர்ந்திருக்கும். உருவும் வேலை மிச்சம் என்று பாட்டிகள் சொல்வார்கள். இலையை உதிர்க்கும் ஆணையில் எத்திலீனுக்குப் பெரிய பங்கு உண்டு. பறித்த கொப்பும் அந்த ஆணையை வாங்கி, நிறைவேற்றி முடிக்கிறது.

தக்காளிக்கு எதிரி குளிர். வெப்ப நாட்டுச் செடியின் பழம் அது. புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் அதன் வாசனைப் பொருள்களைத் தயாரிக்கும் மரபணுக்கள் அடங்கிப்போவதும், டி.என்.ஏ.வின் மேல் உள்ள வேதிக்குறிகள் மாறுவதும் தெரியவந்தது. ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவைத்தாலும் மணம் முழுதாகத் திரும்பவில்லை. கத்தரிக்காய்க்கும் துளசி இனத்து பேசிலுக்கும் இதே குளிர்க்காயம் உண்டு. நல்ல எண்ணத்தோடு எல்லாவற்றையும் குளிர்ப்பெட்டியில் திணிக்கும் புதுத் தன்னார்வலருக்கு இதைப் பக்குவமாகச் சொல்லிக்கொடுக்க ஒரு மூத்த கை வேண்டும்.

வாங்குகிறவர் வீட்டில் என்ன இருக்கிறது என்பதையும் யோசித்தாக வேண்டும். பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போகிறவர் அன்றே சமைப்பார் என்று சொல்ல முடியாது. சிலருக்கு ஃபிரிட்ஜ் இருக்காது, சிலருக்கு அடுப்பே இருக்காது. காரில் படுத்து உறங்குகிறவருக்கு முட்டைக்கோஸ் எதற்கு? அவருக்குச் சின்னத் தக்காளி, இனிப்புப் பட்டாணிக் காய், கேரட் என அப்படியே கடித்துத் தின்னக்கூடியது வேண்டும். கேரட்டைத் தழையோடு கொடுத்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தத் தழை தன் துளைகள் வழியாக நீரை விட்டுக்கொண்டே, கிழங்கிலிருந்து நீரை உறிஞ்சும். தழையை ஒடித்துவிட்டால் கிழங்கு பல நாள் உறுதியாக இருக்கும். முள்ளங்கிக்கும் பீட்ரூட்டுக்கும் அப்படியே. அழகை விட்டுக்கொடுத்து ஆயுளைக் கூட்டும் இந்தச் சின்ன ஒடிப்பில் எனக்கு ஒரு கண்ணியம் தெரிகிறது: கண்ணால் பார்க்காத ஒரு சமையலறையை நினைத்துக்கொண்டு செய்யும் வேலை அது. ஊருக்கு யார் யார் வந்து குடியேறியிருக்கிறார்கள் என்று பார்த்து, வியட்நாம்காரருக்குத் தெரிந்த கீரையும் கிழக்கு ஆப்பிரிக்கருக்குத் தெரிந்த கீரையும் பயிரிடுவதும் இதைச் சேர்ந்ததே. சமைக்கத் தெரியாத காயைக் கொடுத்தால் அது பையிலேயே கிடந்து மூச்சை முடித்துக்கொள்ளும்.

நகரத்து மண்ணுக்கு ஒரு பழைய பாவமும் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோலும் ஈயம் கலந்த சுவர்ப் பூச்சும் பல பத்தாண்டுகள் விட்டுப்போன ஈயம், சாலையோர மண்ணிலும் பழைய வீட்டுச் சுவரடி மண்ணிலும் இன்னும் இருக்கிறது. அது மக்காது, கரையாது. தக்காளி, பீன்ஸ் போன்ற காய்களுக்குள் அது மிகக் குறைவாகவே ஏறும். இலையில் ஒட்டும் தூசியும் கிழங்கின் தோலில் ஒட்டும் மண்ணும்தான் ஆபத்து. ஆகவே மண்ணைச் சோதிப்பது, சந்தேகமான இடத்தில் பலகை அடித்து உயரப் பாத்தி கட்டி நல்ல மண் நிரப்புவது, மட்கு உரம் தாராளமாகப் போடுவது. மட்கும் பாஸ்பேட்டும் ஈயத்தை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறர் பிள்ளை தின்னப்போகிற கீரை என்பதால் இதில் சமரசம் கூடாது. நல்லெண்ணத்தோடு உணவைக் கொடுப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் சட்டம் அமெரிக்காவில் 1996இல் வந்தது. சட்டம் கொடுப்பவரைக் காக்கும். தின்பவரைக் காப்பது மண் பரிசோதனைதான்.

கொடுப்பதற்கென்றே பயிரிடும் பழக்கம் அலாஸ்காவிலும் வேர்விட்டது. 1995இல் ஆங்கரேஜ் நகரில், தோட்டக்கலைப் பத்தி எழுதும் ஜெஃப் லோவன்ஃபெல்ஸ் தன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: உங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு வரிசையை, பசித்தவர்களுக்குச் சோறு போடும் ஊர்க்கூடத்துக்காக நடுங்கள். அது நாடெங்கும் பரவியது. கோடை நடுவில் அங்கே பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் பகல். அந்த முடியாத வெயிலில் அலாஸ்காவின் முட்டைக்கோஸ் அசுரத்தனமாக வளரும். 2012இல் அந்த மாநிலக் கண்காட்சிக்கு வந்த ஒன்று 62 கிலோவைத் தாண்டியது.

முட்டைக்கோஸ் என்றதும், இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமாக இருந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேனட் பிராம் என்ற தாவரவியலாளரின் குழு செடிகளின் உள்கடிகாரத்தை ஆராய்ந்துவந்தது. எல்லாச் செடிகளுக்கும் அப்படி ஒரு கடிகாரம் உண்டு. பகலும் இரவும் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே கணித்து வேலைகளை அமைத்துக்கொள்ளும். புழுக்கள் எந்த நேரத்தில் அதிகம் மேயும் என்பதற்கு ஏற்ப, சில செடிகள் தங்கள் தற்காப்பு வேதிப்பொருள்களை அந்த நேரத்துக்குச் சற்று முன்பே கூட்டிவைக்கின்றன. சரி, கடையில் வாங்கிய, என்றோ அறுத்த முட்டைக்கோஸில் அந்தக் கடிகாரம் என்ன ஆகும்?

முட்டைக்கோஸ் இலையை வட்டத் துண்டுகளாக வெட்டி, பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். 2013இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: வேரில்லாத, தண்டில்லாத அந்தத் துண்டுகள் மறுபடி நேரம் பார்க்கத் தொடங்கின. கடுகு, முள்ளங்கிக் குடும்பத்துக்கே உரிய காரமான தற்காப்புப் பொருள்கள் பகலில் ஏறி, இரவில் இறங்கின. புழுவின் நாளோடு தன் நாளைச் சேர்த்துக்கொண்ட துண்டுகளைப் புழுக்கள் குறைவாகவே தின்றன. பகல் இரவை மாற்றிப் பழக்கிய துண்டுகளை வெளுத்துக் கட்டின. பசலைக்கீரை, லெட்டூஸ், சுக்கினி, கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, புளூபெர்ரி என்று வேறு சிலவற்றிலும் இந்த நேர உணர்வு இருப்பதைப் பார்த்தார்கள். அறுத்து, துண்டாக்கி, பல நாள் கழிந்த பிறகும், நாளை விடியும் என்று அந்த இலைக்குத் தெரிகிறது.

இதைப் படித்த பிறகு கீரைக் கூடையை நான் பழைய கண்ணால் பார்க்கவில்லை.

இப்போது சியாட்டிலில் கோடைக் காலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறேன். ஐந்தரைக்கு வெளிச்சம் வந்துவிடும். புல்லில் பனி. நாலைந்து பேர், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், ஒருவர் கையில் தூக்கம் கலையாத பேரப்பிள்ளை. கத்திகளைக் கழுவுகிறார்கள். கீரை முதலில், பிறகு பிராக்கோலி, முட்டைக்கோஸ் கடைசியில். தொட்டியில் முக்கு, உதறு, ஈரத் துணி போடு. கேரட் தழை மட்குக் குழிக்கு. தக்காளிப் பெட்டி தனியே, நிழலில். எடை பார்த்து நோட்டில் எழுதுகிறார் ஒருவர். எட்டரைக்கு வண்டி நிறைந்துவிட்டது. உணவு வங்கிக்கு நடந்தால் கால் மணி நேரம். அங்கே கதவு திறக்கும் முன்பே வரிசை நிற்கிறது.

பெட்டிகளை உள்ளே வைத்து மூடிவிடுகிறார்கள். மூடிய பெட்டிக்குள் இருட்டில் முட்டைக்கோஸ் ஒன்று மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் கடிகாரத்தில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. புழுக்களுக்கு எதிரான காரத்தை அது இலை இலையாகக் கூட்டிக்கொண்டிருக்கிறது. வரிசையில் முதலில் நிற்கும் பெண் பையை விரித்துப் பிடிக்கிறார்.